வலிக்காத இடத்தில்தான் வம்பு

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களிடம் "எந்த இடத்துல போடுறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்துச் சின்ன வெங்காய விவசாயியாக இருந்தாலும், அரியலூர் மாவட்டம் ஆண்டிமடத்து முந்திரித் தோப்புக்காரராக இருந்தாலும் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "இங்கதான், தொப்புளுக்குப் பக்கத்துல. இங்க போட்டா வலிக்கவே வலிக்காது." அந்த இடத்தை விரலால் அழுத்தினால் தோலுக்கடியில் ரப்பர் போல ஒரு தடிப்பு தட்டுப்படலாம். வலிக்காததற்குக் காரணமே அதுதான்.

இன்சுலின் ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதோடு நிற்பதில்லை. கொழுப்பைச் சேமித்து வைக்கச் சொல்லிக் கொழுப்புச் செல்களுக்கு உத்தரவு போடுவதும் அதன் வேலை. தினமும் ஒரே இடத்தில் ஊசி போட்டால், அங்குள்ள செல்களுக்கு அந்த உத்தரவு அளவுக்கு மீறிக் கிடைக்கிறது. அவை பெருத்துக்கொண்டே போகின்றன. திரும்பத் திரும்பக் குத்துவதால் ஏற்படும் காயமும் சேர்ந்து அந்த இடம் கொழுப்புக் கட்டியாகிறது. கட்டியில் உணர்ச்சி மட்டு. ஊசி இறங்குவதே தெரியாது. ஆகவே மறுநாளும் கை அங்கேயே போகிறது.

கட்டிக்குள் போன மருந்து ஒழுங்காக ரத்தத்தில் சேராது. ஒரு நாள் தாமதமாகும், ஒரு நாள் அளவு குறையும். சர்க்கரை இறங்கவில்லை என்று யூனிட்டைக் கூட்டுவார்கள். கூட்டிய மருந்தும் அதே கட்டிக்குள்தான் போகும். என்றைக்காவது புது இடத்தில் போட்டால் அத்தனையும் ஒழுங்காக ரத்தத்தில் ஏறிவிடும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். 'லோ சுகர்' என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவார்கள். சாப்பாட்டில் கோளாறு என்பார்களே தவிர, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பவர் குறைவு.

ஸ்பெயினில் இன்சுலின் போடும் 430 பேரைப் பரிசோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு இந்தக் கட்டி இருந்தது. காரணம் தெரியாமல் வரும் 'லோ சுகர்', கட்டி உள்ளவர்களில் 39 சதவீதம் பேருக்கு இருந்தது; கட்டி இல்லாதவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான். இடத்தை முறையாக மாற்றி மாற்றிப் போட்டவர்களில் கட்டி வந்தது 5 சதவீதம் பேருக்கு மட்டுமே.

இன்சுலினுக்கும் தோலுக்கும் உள்ள தகராறு முதல் ஊசியிலேயே தொடங்கிவிட்டது. 1922 ஜனவரி 11 அன்று கனடாவின் டொரன்டோவில் லியனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு மாட்டுக் கணையச் சாற்றை ஊசியாகப் போட்டார்கள். சாறு சுத்தமாக இல்லை. குத்திய இடத்தில் சீழ்க்கட்டி வந்தது. உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் அதைச் சுத்திகரித்துத் தந்த பிறகு ஜனவரி 23இல் மறுபடி போட்டபோதுதான் பையன் தேறினான். பிறகு பல பத்தாண்டுகள் மாடு, பன்றிக் கணையத்திலிருந்து வந்த இன்சுலின்தான். அதைப் போட்ட இடத்தில் கொழுப்பு கரைந்து குழி விழும். தூய இன்சுலின் வந்ததும் குழி அரிதாகிவிட்டது. கட்டி மட்டும் போகவில்லை, ஏனென்றால் அது அழுக்கால் வருவதல்ல, இன்சுலினின் குணத்தால் வருவது.

எரிச்சலும் வலியும் வேறு கதை. அவற்றுக்கெல்லாம் சின்னச் சின்னக் காரணங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு சூடாக, இல்லை, குளிரோடு குளிராகப் போட்டால் வலிக்கும். பயன்பாட்டில் இருக்கும் பாட்டிலைச் சாதாரண வெப்பத்தில் நான்கு வாரம் வரை வைத்திருக்கலாம் என்றாலும், அந்தக் கணக்கு பொதுவாக 30 டிகிரிக்குள் இருந்தால்தான். சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் அது பொருந்தாது. ஃபிரிட்ஜ் இருந்தால் கதவுப் பக்கம் வைத்து, போடுவதற்கு அரைமணி முன்பே வெளியே எடுத்துவிடலாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மணலில் புதைத்த மண்பானை கைகொடுக்கும். ஐஸ் பெட்டியில் வைத்து உறைந்துபோன மருந்தைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

ஸ்பிரிட் காய்வதற்குள் குத்தினால் சுரீரென்று எரியும். வீட்டில் ஸ்பிரிட் கட்டாயமும் இல்லை; சோப்புப் போட்டுக் கழுவிய தோல் போதும். சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் சிமெண்ட் ஆலையிலும் வேலை பார்த்து வருகிறவர்கள் தூசியோடு போடாமல், குளித்த பிறகு போட்டுக்கொள்வது நல்லது. தொடையில் போட்ட கையோடு வயலுக்கு நடந்தாலோ மண்வெட்டி பிடித்தாலோ, உழைக்கும் தசையும் வெயிலும் மருந்தை வேகமாக இழுத்துவிடும். வேலைநாளில் வயிறே மேல். குத்திய இடத்தைத் தேய்க்கவும் கூடாது.

ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் முனை மழுங்கும், வழுக்கிக்கொண்டு இறங்க உதவும் சிலிக்கோன் பூச்சும் போய்விடும். ஊசியை ஸ்பிரிட்டால் துடைத்தால் பூச்சு இன்னும் சீக்கிரம் போகும். 'ஒரு தடவை போட்டால் தூக்கி எறி' என்பதே சரியான மருத்துவ அறிவுரை. ஆனால் தினக்கூலிக்காரருக்கு அதைச் சொல்லும்போது போதிய ஊசியையும் கையில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பாதி அறிவுரைதான். நீள ஊசிதான் நன்றாக வேலை செய்யும் என்பதும் வீண் நம்பிக்கை. ஒல்லியானவரோ குண்டானவரோ, தோலின் தடிமன் சுமார் 2 மி.மீ.தான். இன்சுலின் பேனாவுக்கு 4 மி.மீ. ஊசி எல்லோருக்கும் போதும். நீளமான சிரிஞ்சு ஊசி என்றால் தோலை லேசாகக் கிள்ளிப் பிடித்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் தசைக்குள் இறங்கி வலிக்கும்.

இடம் மாற்றுவதற்கு எளிய வழி: தொப்புளை நடுவாக வைத்து வயிற்றை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு பகுதி. அதற்குள்ளும் நேற்றுப் போட்ட இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளிப் போடுங்கள். கட்டி இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணை நம்பக் கூடாது. குளிக்கும்போது சோப்பு நுரையோடு விரலை வழுக்கவிட்டால் தடிப்பு தெரியும். கிள்ளிப் பார்த்தால் நல்ல தோல் மெல்லிசாக மடியும், கட்டி மடியாது.

கட்டி இருந்தால் அதற்கு ஓய்வு கொடுங்கள்; கரைய மாதக்கணக்கில் ஆகும். ஆனால் டாக்டரிடம் கேட்காமல் அதே யூனிட்டைப் புது இடத்தில் போடாதீர்கள். அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். சிவந்து, சூடாகி, சீழ் பிடித்தாலும், அரிப்பு நாளுக்கு நாள் கூடினாலும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்கிறது 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இண்டியாப் (INDIAB) ஆய்வு. கூட்டம் நெரியும் சர்க்கரைப் பிரிவில், மேசைக்கு எதிரே உட்கார்ந்து எந்தப் பெண் சேலையை விலக்கி வயிற்றைக் காட்டுவார்? அதற்கு வாய்ப்பு வீட்டில்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வருபவர்கள் அந்தந்தப் பகுதிப் பெண்கள். விரலால் கட்டியைக் கண்டுபிடிக்க அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் இயந்திரமும் வேண்டாம், செலவும் வேண்டாம். அதுவரை பொறுத்திருக்காதீர்கள். அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பெரம்பலூர், அரியலூர் அரசு மருத்துவமனைக்கோ போகும்போது, யூனிட்டைக் கூட்டச் சொல்வதற்கு முன்னால், "ஊசி போடுற இடத்தைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்று நீங்களே கேளுங்கள்.