வீசிய கையும் பிடித்த கையும்



வியாபாரத்தைப் பற்றி எழுத வேண்டிய நம் இதழில் இவர் விளையாட்டைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று யாரும் எண்ண வேண்டாம். சொல்லப்போவது அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவரின் கதைதான். ஆனால் அதைக் கேட்ட நாள் முதல் என் பழைய பேரேட்டில் ஒரு பக்கம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கி வர அமெரிக்கா சென்றிருந்தேன். சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே சுமார் 25 மைல் தொலைவில் ரெட்வுட் சிட்டி என்ற ஊர். அதை ஒட்டி எட்ஜ்வுட் பூங்கா என்று ஒரு மலைப்பகுதி இருக்கிறது. பூங்கா என்றதும் பெஞ்சும் புல்தரையும் என்று நினைத்துப் போனேன். அது மேடும் காடுமாக ஏறிக்கொண்டே போகும் ஒற்றையடிப் பாதை. கால் மணி நேரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா, இந்த மேட்டில்தான் ஜெர்ரி ரைஸ் ஓடிப் பழகினார்" என்றார் மாப்பிள்ளை. யார் அவர் என்று கேட்டேன். அன்று மலையை விட்டு இறங்கும் வரை அவர் கதைதான். பிறகு மாப்பிள்ளை பழைய ஆட்டங்களையும் போட்டுக் காட்டினார். பார்க்கப் பார்க்க எனக்கும் அதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

ஆட்டம் இதுதான்

அந்த நாட்டில் ஃபுட்பால் என்றால் நாம் அறிந்த கால்பந்து அல்ல. இரு பக்கமும் கூரான முட்டை வடிவப் பந்து. பக்கத்துக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கஜம். ஜவுளிக் கடையில் நாம் அந்நாளில் அளந்தோமே, அதே கஜம்தான். பந்தை வைத்திருக்கும் குழு நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும்.

குழுவின் மூளை குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். எதிரிகள் தன்னைச் சாய்க்க ஓடி வரும் இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். தூரத்தில் ஓடி அந்தப் பந்தைப் பிடிப்பவர் ரிசீவர். ஜெர்ரி ரைஸ் ஒரு ரிசீவர்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ரிசீவர் திரும்பிப் பார்த்த பிறகு பந்தை வீசினால் காலம் கடந்துவிடும். எதிரி குறுக்கே வந்துவிடுவான். எனவே ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அவர் எங்கே வந்து நிற்பார் என்று நம்பி, ஆளில்லாத இடத்தில் வீச வேண்டும். அவரும் பந்து வரும் என்று நம்பி அந்த இடத்துக்கு ஓட வேண்டும். முன்பின் பார்க்காத கொள்முதல் போன்றது இது. இருவருக்கும் நாணயம் இல்லாவிட்டால் நடக்காது.

செங்கல் பிடித்த கை

ரைஸ் 1962-ல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். ஊர் கிராஃபோர்ட், சிறிய கிராமம். தந்தை கொத்தனார். கோடை விடுமுறையில் பிள்ளைகளும் வேலைக்குப் போக வேண்டும். சாரத்தின் மேல் ரைஸ் நிற்பார். கீழிருந்து சகோதரர்கள் செங்கல்லை வீசுவார்கள். ஒவ்வொன்றாகப் பிடித்து அடுக்க வேண்டும். தவறவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கை பழகியது அங்கேதான்.

பெரிய கல்லூரிகள் அவரைச் சீந்தவில்லை. மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பந்து வீசியவர் வில்லி டாட்டன் என்ற மாணவர். 1984-ல் இந்த இருவரும் சேர்ந்து ஆடிய ஆட்டத்தில் அந்தச் சிறு கல்லூரி சராசரியாக ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 60 புள்ளி எடுத்தது. நாடே திரும்பிப் பார்த்தது.

1985-ல் தொழில்முறைக் குழுக்கள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ரைஸ் 16-வது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். வேகம் போதாது, சிறிய கல்லூரியில் ஆடியவர் என்று பலருக்கும் தயக்கம். அவருக்கு முன்பே இரண்டு ரிசீவர்களை வேறு குழுக்கள் எடுத்துவிட்டன. சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் குழுவின் பயிற்சியாளர் பில் வால்ஷ் மட்டும் மற்றொரு குழுவுடன் பேரம் பேசித் தம் முறையை முன்னுக்கு மாற்றிக்கொண்டு அவரை எடுத்தார்.

தவறிய பந்துகள்

எடுத்த கையோடு லாபம் வந்துவிட்டதா? இல்லை. முதல் ஆண்டில் ரைஸ் பந்தைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார். செங்கல்லைப் பிடித்த கையில் பந்து நிற்கவில்லை. வால்ஷின் ஆட்டத்திட்டம் மிகவும் சிக்கலானது. எத்தனை அடி ஓடுவது, எங்கே திரும்புவது என்ற கணக்கிலேயே மனம் போய்விட்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் ஏளனக் கூச்சல் போட்டார்கள்.

அக்குழுவின் குவார்ட்டர்பேக் ஜோ மான்டானா. அதற்குள் இரண்டு முறை சாம்பியன் பட்டம் வென்றவர். புதுப் பையன் தவறவிடுகிறான் என்று பந்தை வேறு ஆளுக்கே வீசிக்கொண்டிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. தவறவிட்ட கைக்கே மறுபடியும் வீசினார். 1985 டிசம்பர் 9-ம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் குழுவுடன் நடந்த ஆட்டத்தில் ரைஸ் 10 பந்துகளைப் பிடித்து 241 கஜம் எடுத்தார். அந்த ஆட்டத்தில் குழு தோற்றது. ஆனால் வால்ஷ் வாங்கிய சரக்கு என்ன தரம் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது.

மந்த மாதங்களில் நடந்தது

அவர்களுடைய ஆட்ட சீசன் செப்டம்பரில் தொடங்கிக் குளிர்காலத்தோடு முடிந்துவிடும். மீதி மாதங்களில் ஆட்டம் இல்லை, கைதட்டல் இல்லை. பலர் அப்போது ஓய்வெடுப்பார்கள். நாம்கூட தீபாவளி, பொங்கல் வியாபாரம் முடிந்தால் கல்லாவில் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படிக்கிறோம் அல்லவா?

அதே குழுவில் ரோஜர் கிரெய்க் என்ற ஆட்டக்காரர் இருந்தார். 1985-ல் பந்தைச் சுமந்து ஓடி ஆயிரம் கஜம், பந்தைப் பிடித்து ஆயிரம் கஜம் என்று ஒரே சீசனில் இரண்டையும் எடுத்த முதல் மனிதர் அவர். உழைப்பில் சளைக்காதவர். அவர்தான் ரைஸை அந்த மலைக்கு அழைத்துப் போனார். நான் மூச்சு வாங்கி உட்கார்ந்த மலை அது. தொடக்கத்தில் ரைஸுக்கும் மூச்சு வாங்கத்தான் செய்தது. ஆனால் விடவில்லை. காலையில் மலை ஓட்டம், பிற்பகலில் எடை தூக்குதல், வாரத்தில் ஆறு நாள். ஆண்டுக்கு ஆண்டு அதைத் தொடர்ந்தார். அவரோடு ஓடிப் பார்க்கலாம் என்று வந்த ஆட்டக்காரர்கள் பலர் பாதியிலேயே ஒதுங்கிக்கொண்டார்கள்.

பயிற்சி மைதானத்தில் இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். ஐந்து கஜம் தள்ளிப் பிடித்த பந்தானாலும் அங்கே நிற்க மாட்டார். மைதானத்தின் எல்லை வரை ஓடிவிட்டுத்தான் திரும்புவார்.

1986-ல் முதுகு அறுவைச் சிகிச்சை காரணமாக மான்டானா சில வாரங்கள் ஆடவில்லை. வேறு கைகள் பந்து வீசின. அப்படியும் அந்த ஆண்டு ரைஸ் 1,570 கஜம் எடுத்து நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். முந்தைய ஆண்டு அவர் எடுத்தது 927. மலை கொடுத்த வட்டி இது என்றுதான் சொல்ல வேண்டும். 1987-ல் 12 ஆட்டங்களில் 22 டச் டவுன். அதாவது எதிரியின் எல்லைக்குள் 22 முறை பந்தைப் பிடித்தோ கொண்டுபோயோ சேர்த்தார். அந்தச் சாதனையை முறியடிக்க 2007 வரை இன்னொருவர் பிறந்து வரவேண்டியிருந்தது.

92 கஜம்

1989 ஜனவரி 22, மயாமி நகரில் இறுதிப் போட்டி. எதிரே சின்சினாட்டி பெங்கால்ஸ். நான்கு ஆண்டுகளுக்கு முன் ரைஸை விட்டுவிட்டு அவர்கள் எடுத்த ரிசீவர் எடி பிரவுன் அந்தப் பக்கம் நிற்கிறார். ஆட்டம் முடிய மூன்று நிமிடம் சொச்சம். பெங்கால்ஸ் 16, சான் பிரான்சிஸ்கோ 13. பந்து இவர்கள் கையில், ஆனால் போக வேண்டிய தூரம் 92 கஜம்.

எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கிறது. மான்டானா தம் குழுவில் ஒருவரைப் பார்த்து, அதோ கூட்டத்தில் நிற்பது நடிகர் ஜான் கேண்டிதானே என்று கேட்டாராம். தலைவன் பதறாவிட்டால் கடைப் பையன்களும் பதற மாட்டார்கள். சிறிது சிறிதாக முன்னேறினார்கள். நடுவில் ஒரு தவறால் பின்னால் தள்ளப்பட்டு 20 கஜம் எடுத்தாக வேண்டிய நெருக்கடி வந்தது. மான்டானா யாரைத் தேடினார்? ரைஸைத்தான். எதிரிகள் மூவருக்கு நடுவே அவர் பிடித்து 27 கஜம் எடுத்தார். 34 விநாடி மீதி இருக்கையில் கடைசிப் பந்து ஜான் டெய்லர் என்ற மற்றொரு ரிசீவருக்குப் போய் வெற்றியை முடித்தது. அதுவரை அன்று டெய்லர் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. எதிரிகளின் கண்ணெல்லாம் ரைஸ் மேல் இருந்தது. 20-16 என்று வென்றார்கள். 11 பந்துகளில் 215 கஜம் எடுத்த ரைஸே சிறந்த ஆட்டக்காரர்.

கை மாறியபோது

அப்படியானால் எல்லாம் மான்டானாவால்தானா? அதற்கும் பதில் இருக்கிறது. 1991-ல் மான்டானாவுக்கு முழங்கையில் காயம். ஸ்டீவ் யங் பந்து வீச வந்தார். அவர் இடது கைக்காரர். இடது கையிலிருந்து வரும் பந்து எதிர்ப்பக்கமாகச் சுழலும். ஆறு ஆண்டு ஒரு சுழலுக்குப் பழகிய கைகளுக்கு இது சங்கடம். மனத்தளவிலும் மான்டானாவை விட்டு மாறுவது ரைஸுக்கு எளிதாக இல்லை. ஆனால் குறை சொல்லிக்கொண்டு நிற்காமல் பழகிக்கொண்டார். யங் வீசி ரைஸ் பிடித்த டச் டவுன்கள் மட்டும் 85. 1995 ஜனவரியில் நடந்த இறுதிப் போட்டியில் யங் ஆறு டச் டவுன் வீசிச் சாதனை படைத்தார். அவற்றில் மூன்றைப் பிடித்தவர் ரைஸ்.

20 சீசன்கள் ஆடி 2005-ல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 1,549 பந்துகள், 22,895 கஜம். மைல் கணக்கில் 13 மைல். இதுவரை எவரும் அதை எட்டவில்லை.

என் பேரேட்டில் ஒரு பக்கம்

இப்போது கடைக்கு வருகிறேன். சுமார் 25 ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் தீபாவளிக்கு ஜவுளி கடனில் எடுத்தார். முதல் கடை, முதல் சீசன். பொங்கல் கழிந்தும் பாதிப் பணம் நின்றுவிட்டது. சித்திரையில் வந்து, "அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் சரக்கு கொடுங்கள், சேர்த்துக் கட்டிவிடுகிறேன்" என்றார். நான் பேரேட்டைத் திருப்பிக் காட்டி அனுப்பிவிட்டேன். கணக்குப்படி நான் செய்தது சரி. அதே தெருவில் வேறொரு மொத்த வியாபாரி கொடுத்தார். இன்று அந்த இளைஞருக்கு மூன்று கடைகள். என் பாக்கியைப் பைசா குறையாமல் அப்போதே கட்டிவிட்டார். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வார். சரக்கு மட்டும் என்னிடம் எடுப்பதில்லை.

பின்னால்தான் தெரிந்தது. அந்த மந்த மாதங்களில் அவர் சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய்த் தம் நிலுவையை வசூல் செய்தார். அதோடு எந்த ஊரில் எந்த நிறச் சேலை போகும், எந்த அகலக் கரை கேட்கிறார்கள் என்று நோட்டில் எழுதி வந்தார். அது அவருடைய மலை. நான் அதைப் போய்ப் பார்க்கவில்லை. பேரேட்டை மட்டும் பார்த்தேன்.

தவறவிட்ட எல்லாருக்கும் கடன் கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிக் கொடுத்தால் மண்டியைப் பூட்ட வேண்டியதுதான். ஒருவருக்கு மறுபடியும் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன், வியாபாரம் இல்லாத மாதங்களில் அவர் என்ன செய்கிறார் என்று ஒரு நடை போய்ப் பாருங்கள் என்கிறேன். இளைய வணிகர்களுக்கு ஒரு வார்த்தை: சரக்கு தருபவர் இன்று மான்டானா, நாளை யங் என்று மாறலாம். உங்கள் மலையை நீங்கள்தான் ஏற வேண்டும்.

இறுதியாக ஒன்று. ரைஸ் படித்த அந்தச் சிறிய பல்கலைக்கழகத்தின் மைதானத்துக்கு இன்று என்ன பெயர் தெரியுமா? ரைஸ்-டாட்டன் மைதானம். உலகப் புகழ் ஒருவருக்குத்தான் கிடைத்தது. ஆனால் பலகையில் பிடித்தவர் பெயரோடு வீசியவர் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பதை அவர்களும் அறிந்தே இருக்கிறார்கள்.