ஈடு கேளாத நம்பிக்கை

திருவனந்தபுரத்தில் நாம் அன்றாடம் கேட்டு மகிழும் இளையராஜாவின் பாடல்கள் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் உருவானவை. ஆயினும் அவருடைய இசைப் பயணத்தின் தொடக்கத்தில் நம் கேரளத்து மலைகளுக்கும் பங்குண்டு.

1958ஆம் ஆண்டு. இ.எம்.எஸ். தலைமையிலான முதல் கேரள அமைச்சரவை நம் நகரிலிருந்து ஆட்சி புரிந்துகொண்டிருந்தது. ரோசம்மா புன்னூஸ் முந்தைய ஆண்டு பெற்ற வெற்றி செல்லாதென்று தீர்ப்பானதால், தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. அங்கே தேயிலைத் தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் தமிழர். எல்லைக்கு அப்பாலுள்ள பண்ணைப்புரத்திலிருந்து வந்த பாவலர் வரதராசன், அவர்களிடையே பாடி வாக்குக் கேட்டார். ரோசம்மா மீண்டும் வென்றார். அக்காலத்தையொட்டி, பதின்ம வயதுத் தம்பி இராசையாவும் அண்ணனுடன் பாடச் சென்றார். பிற சகோதரர்களும் இணைய, அக்குழு 'பாவலர் பிரதர்ஸ்' என்று பெயர் பெற்றது.

1968இல் இராசையா சென்னை சேர்ந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்றார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணியாற்றினார். திறமை இருந்தது, தேர்ச்சியும் இருந்தது. தம் பெயரில் வெளிவந்த படம் ஒன்றேனும் இல்லை. வங்கி மொழியில் சொன்னால், ஈடாகக் காட்ட அவரிடம் எதுவும் இல்லை.

கதாசிரியர் செல்வராஜ் அவரைப் பஞ்சு அருணாசலத்திடம் அழைத்துச் சென்றார். பஞ்சு, கவியரசு கண்ணதாசனின் அண்ணன் மகன். அவரிடமே உதவியாளராக இருந்து தேர்ந்தவர். வாத்தியங்கள் ஏதுமின்றி, மேசையில் தாளமிட்டு இராசையா பாடிக் காட்டினார். பஞ்சுவின் குடும்பத்தார் தயாரித்த 'அன்னக்கிளி' அவர் கைக்கு வந்தது. ஏ.எம். ராஜா என்ற பெயர் முன்பே புகழ்பெற்றிருந்தமையால், 'இளையராஜா' என்று பெயரிட்டவரும் பஞ்சுவே.

முதல் பாடலின் ஒலிப்பதிவு தொடங்கும் வேளையில் மின்சாரம் நின்றது. சகுனம் பார்க்கும் திரையுலகில் புதியவரை விலக்கிவிட அதுவே போதிய காரணம். பஞ்சு விலக்கவில்லை. எஸ். ஜானகி, பி. சுசீலா, டி.எம். சௌந்தரராஜன் ஆகியோர் பாட, 1976 மே மாதம் படம் வெளிவந்தது. கிராமத்து மெட்டும் மேலை இசைக்கோவையும் இணைந்த அப்பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. அவற்றைக் கேட்க அண்ணன் வரதராசன்தாம் உயிரோடு இல்லை.

இலண்டனிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. 1962இல் ஒரு நிறுவனம் மறுத்துவிட்ட பீட்டில்ஸ் குழுவை, மற்றொரு நிறுவனத்தின் ஜார்ஜ் மார்ட்டின் ஏற்றார்; உடனிருந்து அவர்களுடைய பாடல்களைச் செம்மைப்படுத்தினார்.

பஞ்சுவின் துணையும் ஒரு படத்தோடு முடியவில்லை. 'ஆறிலிருந்து அறுபது வரை', 'கல்யாணராமன்', 'மைக்கேல் மதன காமராஜன்' எனப் பல படங்களில் அவ்வுறவு தொடர்ந்தது.

கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் நாம், ஆவணங்களையும் ஈட்டையும் பார்க்கவே வேண்டும். அது மக்கள் பணத்துக்குக் காவல். எனினும், முதன்முறை தொழில் தொடங்க வரும் இளைஞர் எதிரே அமரும்போது, மேசையில் தாளமிட்டவரை நினைத்துக்கொள்கிறோம். முழுவதும் கேட்ட பிறகே முடிவு சொல்ல வேண்டும் என்பதே அவர்கள் இருவரிடமிருந்தும் நாம் கற்றது.