கட்டைவிரலுக்கு எட்டும் கணக்கு

ஏ4 தாள் ஒன்றை எடுத்து நெடுக்குவாட்டில் மூன்றாக மடியுங்கள். கையில் நிற்கும் 7 சென்டிமீட்டர் பட்டைதான் ஏறத்தாழ உங்கள் செல்போன் திரையின் அகலம். ஒரு நிறுவனத்தின் காலாண்டுக் கணக்கு முழுவதும் அதற்குள் இறங்கியாக வேண்டும். விவரத்துக்கு ஒரு பத்தி. இந்தக் காலாண்டு, முந்தைய காலாண்டு, போன ஆண்டின் இதே காலாண்டு, போன ஆண்டு முழுவதும் என எண்களுக்கு நான்கு பத்திகள்.

பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் இந்தக் கணக்கைத் தங்கள் இணையதளத்தில் வைத்தே தீர வேண்டும் என்கின்றன சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2015ஆம் ஆண்டு விதிகள். அதற்கான இடம்தான் ‘முதலீட்டாளர்’ பக்கம். இந்தியாவில் பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்குகள் 2023 ஆகஸ்டிலேயே 10 கோடியைத் தாண்டிவிட்டன. பேருந்தில் நின்றபடி போனில் பங்கு வாங்குபவருக்கும் அந்தப் பக்கம் புரிய வேண்டுமே!

பழைய வழி, தாளை அப்படியே பிடிஎஃப் கோப்பாக ஏற்றிவிடுவது. பிடிஎஃப் ஒரு கல்வெட்டு. வெட்டிய எழுத்து இடம் மாறாது. போனில் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். பிறகு நிகர லாபத்தைத் தேடுவது, மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைத் தேடுவது போலத்தான்.

2007இல் வந்த ஐபோன் இந்தச் சிக்கலை ஒரு பொய் சொல்லிச் சமாளித்தது. அதன் திரை அகலம் 320 படப்புள்ளிகள்தான். ஆனால் இணையதளங்களிடம் 980 என்று சொல்லிவிட்டு, வந்த பக்கத்தைச் சுருக்கிக் காட்டியது. 2010இல் ஈதன் மார்காட் என்ற வடிவமைப்பாளர் வேறு வழி காட்டினார். திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கமே தன் உறுப்புகளை இடம் மாற்றிக்கொள்ளும். இதைத் தகவமை வடிவமைப்பு எனலாம். கணினியில் பக்கவாட்டில் விரிந்த அட்டவணை, போனில் வரிக்கு ஒரு சீட்டாகக் கீழே கீழே அடுக்கப்படும். அல்லது ‘வருவாய்’, ‘செலவு’ என்ற முதல் பத்தி அசையாமல் நிற்க, எண்கள் மட்டும் விரலோடு நகரும்.

எண்களுக்குள்ளும் நுட்பம் உண்டு. பல எழுத்துருக்களில் 1 ஒல்லி, 8 குண்டு. அப்படியே அடுக்கினால் 1,111 என்பது 888 அளவுக்கே நீளமாகத் தோன்றி ஏமாற்றலாம். அதனால் எல்லா இலக்கங்களுக்கும் ஒரே அகலம் தரும் வடிவத்தை அட்டவணைக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். ‘ரூ. கோடியில்’ என்ற குறிப்பையும் திரையின் உச்சியில் ஒட்டிவைக்க வேண்டும். கீழே உருட்டும்போது அது மறைந்துபோனால், கோடியை லட்சமாகப் படித்துவிட வாய்ப்புண்டு.

அடுத்து விரல். தொடும் பொத்தான் ஏறத்தாழ 9 மில்லிமீட்டராவது இருக்கட்டும் என்கிறது கூகுளின் வழிகாட்டி. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுச் சிறிய அளவு. பங்கு விலை வரைபடத்திலோ வேடிக்கையான சிக்கல்: எந்தப் புள்ளியைப் பார்க்க விரலை வைக்கிறோமோ, அதையே விரல் மறைத்துவிடுகிறது. எனவே விலை விரலுக்கு மேலே மிதந்து வரும்.

நிறத்தையும் நம்ப முடியாது. நமக்குப் பச்சை ஏற்றம், சிவப்பு இறக்கம். சீனாவிலும் ஜப்பானிலும் சிவப்புதான் ஏற்றம். இரு நிறங்களையும் பிரித்தறிய முடியாதவர்களும் உண்டு. அவர்களுக்காகவே நிறத்தோடு அம்புக்குறியும் சேர்கிறது.

எல்லாவற்றையும்விட நுட்பமானது நேரம். 2015 ஏப்ரல் 28 அன்று ட்விட்டரின் காலாண்டு முடிவுகள் சந்தை மூடிய பிறகு வரவேண்டியவை. செலரிட்டி என்ற நிறுவனம் அவற்றை முன்கூட்டியே ட்விட்டரின் முதலீட்டாளர் பக்கத்திலேயே கண்டெடுத்து வெளியிட்டுவிட்டது. அன்று பங்கு 18 சதவீதம் சரிந்தது. எண் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் போதாது. எல்லோருக்கும் ஒரே நொடியில் தெரிய வேண்டும்.

நீங்கள் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் முதலீட்டாளர் பக்கத்தைப் போனில் ஒற்றைக் கையால் திறந்து பாருங்கள். பெரிதாக்காமலே நிகர லாபம் கண்ணில் பட்டால், யாரோ உங்களை நினைத்து உழைத்திருக்கிறார்கள். படாவிட்டால், அந்த நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள். நீங்களும் அதன் பங்குதாரர்தானே!