துளையில்லாத் தோடு

பெருநாள் காலையில் ரஞ்சன்குடித் தெருக்களில் புத்தாடையும் அத்தர் மணமுமாகச் சிறுமியர் கூட்டமாய் வருவர். அக்கூட்டத்தில் முக்காட்டைக் காதுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு ஒருத்தி ஒதுங்கி நிற்பாள். நாணம் மிக்க பிள்ளை என்று நாம் மகிழ்வோம். அருகில் சென்று அன்போடு கேட்டால்தான் உண்மைக் காரணம் விளங்கும்.

என்னிடம் ஓதும் மாணவி ஒருத்தியின் நிலை இதுவே. ஏழு வயதில் அவளுக்குக் காது குத்தினார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் ஆறிய இடத்தில் தழும்பு வளரத் தொடங்கி, இன்று இரு காதுகளிலும் சுண்டைக்காய் அளவில் திரண்டு நிற்கிறது. “பொண்ணு பார்க்க வர்றவங்க இந்தக் காதைப் பார்த்தா என்ன சொல்லுவாங்க உஸ்தாபி?” என்று அவளுடைய நன்னி கண் கலங்கினார். கேட்ட மூதாட்டியின் காதும் முழுமையாக இல்லை. இளமையில் அணிந்த நகைகளின் பாரத்தால் கீழ்மடல் இரண்டாகப் பிளந்து தொங்குகிறது. பாட்டிக்கும் பேத்திக்கும் தோடு மாட்டத் துளை இல்லை. அவர்களை முன்னிட்டே இக்கட்டுரை.

காது பட்ட பாடு

நம் முன்னோர் காலத்தில் பெண்ணின் காது ஒரு நகைப்பெட்டியாகவே இருந்தது. தென் மாவட்டங்களில் பாம்படமும் தண்டட்டியும் காதைத் தோள்வரை இழுத்தன. நம் சமுதாயப் பெண்கள் காதின் விளிம்பு நெடுகத் துளையிட்டு வரிசையாக அலுக்கத்து அணிந்தனர். காதின் மேல்பகுதி குருத்தெலும்பால் ஆனது. குருத்தெலும்புக்குள் இரத்த நாளங்கள் இல்லாமையால் அங்கு சீழ் பிடித்தால் எளிதில் ஆறாது; காதே சுருங்கி உருமாறிவிடக் கூடும். ஒரே ஊசியால் பலருக்குக் குத்தும்போது மஞ்சள் காமாலைக் கிருமிகள் பரவும் அபாயமும் உண்டு.

அந்த மாணவிக்கு வந்ததை மருத்துவர்கள் ‘கீலாய்டு’ என்பர். பெரும்பாலும் பத்து முதல் முப்பது வயதிற்குள் தோன்றும். கருநிறத் தோலினரிடமும், குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு இருந்தாலும் மிகுதியாகக் காணப்படும். அறுத்து எடுத்தாலும் மீண்டும் வளரும் இயல்புடையது. அத்தகையோர் மறுபடி காது குத்திக் கொள்ளாதிருப்பதே நலம். அறுவைக்குப் பின் தழும்பு மீண்டும் வளராதிருக்க, காது மடலை அழுத்திப் பிடிக்கும் ஒருவகைக் கிளிப்புத் தோட்டையே மருத்துவர்கள் அணியச் சொல்வதுண்டு. அலங்காரத்திற்கென்று வந்த பொருள் மருந்தாகவும் பயன்படுகிறது!

பிளந்த மடலை உணர்விழக்கச் செய்யும் ஊசி போட்டு, சிறு அறுவையால் தைத்து விடலாம். மனமும் வசதியும் உள்ளவர்கள் மருத்துவரை நாடலாம். அதுவரையில் என்ன செய்வது?

துளையின்றி அணிதல் புதுமை அன்று

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய, அமெரிக்க நாடுகளில் காது குத்துவதை நாகரிகக் குறைவாகக் கருதிய பெண்கள் பலர் இருந்தனர். அவர்களுக்காகத் திருகாணியால் இறுக்கும் தோடுகள் வந்தன. 1930களில் கிளிப்புத் தோடுகள் பரவின. 1960களுக்குப் பின்னரே அங்கு காது குத்தும் வழக்கம் மீண்டும் பெருகியது. நம் நாட்டிலும் மூக்குக் குத்தாத பரதநாட்டியப் பெண்கள் அழுத்தி மாட்டும் மூக்குத்தியையும் புல்லாக்கையும் நெடுங்காலமாக அணிந்து வருகின்றனர். கடைகளில் ‘பிரஸ்ஸிங் மூக்குத்தி’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். மூக்குக் குத்துவதில் மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருப்பதால் தயங்கும் சகோதரிகளுக்கும் இது ஏற்றது.

வீட்டிலேயே செய்யலாம்

தேவையானவை: 20 கேஜ் கம்பி (ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் தடிப்பு), முனை உருண்ட சிறு குறடு, கம்பி வெட்டும் குறடு, நகம் தேய்க்கும் அரம், சில மணிகள்.

மூக்கு வளையம்: மூன்று சென்டிமீட்டர் கம்பியை வெட்டி, இரு முனைகளையும் அரத்தால் மழுங்கத் தேய்க்கவும். ஒவ்வொரு முனையையும் குறடால் பிடித்துக் கடுகளவு சுருட்டவும். பிறகு பேனாவின் உடலில் வைத்து வட்டமாக வளைக்கவும். இரு சுருளுக்கும் இடையே உள்ள இடைவெளி, மூக்கு மடலின் தடிப்பைவிட இம்மியளவு குறைந்திருந்தால் போதும், விழாமல் நிற்கும். வளைக்கும் முன்பே ஒரு மணியைக் கோத்துவிட்டால் இன்னும் அழகு.

காது வளையம்: ஏழு சென்டிமீட்டர் கம்பியைக் கொண்டை ஊசிபோல் நடுவில் மடித்து, இரு முனைகளையும் சுருட்டவும். மடித்த கம்பியைத் தடித்த ஸ்கெட்ச் பேனாவின் மீது வளைத்தால் பிறை வடிவம் கிடைக்கும். காதின் விளிம்பு மெலிந்திருக்கும் மேற்பகுதியில் நுழைத்து, மெல்லக் கீழ்நோக்கி நகர்த்தி நிறுத்த வேண்டும். மடிப்பில் நூல் கட்டி மணியோ பட்டுநூல் ஜிமிக்கியோ தொங்கவிடலாம். பாரம் கூடினால் நழுவிவிடும். கீழ்மடலில் தழும்போ பிளவோ உள்ளவர்களுக்கு மடலைத் தொடாத இவ்வளையமே மிகப் பொருத்தம்.

எதுவாயினும் வலி தெரியும்படி இறுக்கலாகாது. சில மணி நேரம் அணிந்து கழற்றிவிட வேண்டும். அணிந்தபடி உறங்கக் கூடாது.

கம்பியைத் தேர்ந்தெடுத்தல்

காதில் அரிப்பும் நீர்க்கசிவும் வருவதற்குப் பெரும்பாலும் நிக்கல் என்னும் உலோகமே காரணம். வியர்வையில் கரைந்து தோலுக்குள் செல்லும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பொதுவாக ஆயுள் முழுதும் தொடரும். இதனால் ஐரோப்பிய ஒன்றியம் 1994ஆம் ஆண்டிலேயே தோலில் நெடுநேரம் படும் பொருள்களுக்கு வரம்பு விதித்தது. ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து வாரத்திற்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரலாகாது.

‘ஜெர்மன் வெள்ளி’ என்ற பெயரைக் கண்டு ஏமாற வேண்டா. அதில் வெள்ளி அறவே இல்லை. செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றின் கலவையே அது. மலிவான முலாம் நகைகள் சிலவற்றில் முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருக்கும். முலாம் தேய்ந்ததும் தொல்லை தொடங்கும். 92.5 விழுக்காட்டு வெள்ளிக் கம்பி சிறந்தது. இயலாதோர் செம்புக் கம்பியைப் பயன்படுத்தலாம். தோலில் பச்சைக் கறை படியும்; கழுவினால் போய்விடும்.

காந்தம் வேண்டவே வேண்டா

இரு சிறு காந்தங்களை மூக்கின் உள்ளும் புறமும் வைத்து மூக்குத்திபோல் காட்டும் வழக்கம் பிள்ளைகளிடையே பரவியுள்ளது. இது உயிருக்கே உலை வைக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்கு, எட்டே வாரங்களில் 24 சிறுவர்கள் இத்தகைய காந்தங்களால் துன்புற்று வந்ததை 2002இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது. மூக்கின் நடுச்சுவரை இருபுறமும் காந்தங்கள் நெரித்தால் இரத்த ஓட்டம் நின்று சுவரே ஓட்டையாகும். விழுங்கிவிட்டாலோ குடலின் இரு மடிப்புகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்துத் துளைத்துவிடும். நாக்கில் நகை அணிந்ததுபோல் காட்டக் காந்த மணிகளை வாயில் வைக்கும் விளையாட்டு பரவியபோது, இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை 2021இல் எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் காந்தம் விழுங்கி அவசர அறுவைக்கு உள்ளான குழந்தைகள் அங்கு குறைந்தது 65 பேர். பிள்ளை காந்தத்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே, வலி வரட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

எது போலி?

“துளையில்லாமல் தோடு போடுவது ஏமாற்று ஆகாதா?” என்று சிலர் வினவுகின்றனர். செம்பைச் செம்பு என்று சொல்லி அணிவதில் ஏமாற்று ஏது? முலாம் பூசியதைத் தங்கம் என்று சொல்லி நிக்காஹ் சபையில் கணக்குக் காட்டுவதே ஏமாற்று. தழும்பை மறைத்துப் பெண் கொடுப்பதும் முறையன்று. பெண் பார்க்க வருவோரிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம். அதைக் கேட்டு எழுந்து போகிறவர் போகட்டும். அவர் காதைத்தான் பார்க்க வந்தார், பெண்ணைப் பார்க்க வரவில்லை.

பெருநாள் திடலில் பிலால் (ரலி) அவர்கள் விரித்த துணியில் அன்றைய பெண்கள் தம் காதணிகளைக் கழற்றித் தர்மமாக இட்டதை நாம் ஓதியிருக்கிறோம். காதணி கழன்றதால் அவர்கள் மதிப்பு குறைந்துவிடவில்லை.

சென்ற வாரம் அந்த மாணவியும் நன்னியும் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செம்புக் கம்பியை வளைத்தனர். முதல் இரண்டு கோணிப்போயின. மூன்றாவது நின்றது. பேத்தி அதைத் தன் காதில் மாட்டவில்லை. நன்னியின் காது விளிம்பில் மாட்டிவிட்டு, “இப்பப் பாருங்க நன்னி” என்று கண்ணாடியை நீட்டினாள். அடுத்ததைத் தனக்கென்று வளைக்கத் தொடங்கியபோது அவளுடைய முக்காடு நழுவித் தோளில் கிடந்தது. அதை இழுத்துவிட வேண்டும் என்ற நினைவே அவளுக்கு எழவில்லை.