கால் கேட்பதும் கணிப்பொறி கொடுப்பதும்

டர்போ பொருத்திய மோட்டார் காரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவதற்கும் வண்டி முன்னே பாய்வதற்கும் நடுவில் ஒரு சிறு அவகாசம் உண்டென்பதை, அத்தகைய காரை ஓட்டியவர்கள் எல்லோரும் அறிவர். முன்னே போகும் லாரியைத் தாண்டிவிடலாமென்று காலை அழுத்தினால், எஞ்சின் ஒரு க்ஷணம் தயங்கி நின்று, பிறகு கேட்டதற்கும் அதிகமாகவே உந்தித் தள்ளுகிறது. இந்தத் தயக்கத்தைப் போக்கித் தருவதாகச் சொல்லி, எஞ்சினை ஆளும் கணிப்பொறியில் எழுதியிருப்பதை மாற்றி எழுதிக் கொடுக்கும் தொழில் ஒன்று உலகெங்கும் நடந்து வருகிறது. 'ட்யூனிங்' என்றும் 'ரீமேப்' என்றும் அதைச் சொல்கிறார்கள். செய்துகொண்டவர்களைக் கேட்டால் 'பிக்கப்' பிரமாதம் என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று; ஆனால் அந்தச் சுகத்தில் எவ்வளவு பங்கு எஞ்சினுக்குள் விளைந்தது, எவ்வளவு பங்கு காலடியில் மட்டுமே விளைந்தது என்று பிரித்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே உள்ளே செல்லும் காற்றை அமுக்கி அனுப்பலாம் என்ற யோசனைக்கு, ஸ்விட்சர்லாந்து தேசத்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் ப்யூகி 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சக்கரங்கள். ஒன்றைப் புகை சுழற்றுகிறது, மற்றொன்று காற்றை அமுக்குகிறது. அமுங்கிய காற்றில் பிராணவாயு அதிகமாதலால் பெட்ரோலையும் அதிகமாக எரிக்கலாம். சங்கடம் எங்கே இருக்கிறதென்றால், சக்கரம் விரைந்து சுழலப் புகை மிகுதியாக வேண்டும். புகை மிகுதியாக வரக் காற்று மிகுதியாக உள்ளே போகவேண்டும். காற்று அவ்வாறு போவதற்கோ சக்கரம் விரைந்து சுழல வேண்டும். சிறிய பெட்ரோல் எஞ்சின்களின் டர்போ முழு வேகத்தில் நிமிஷத்துக்கு 2,00,000 சுற்றுக்கள் வரையில் சுழல்வதுண்டு. வண்டி நிதானமாகப் போகையில் அதில் ஒரு சிறு பங்கே சுழன்றுகொண்டிருக்கும் சக்கரத்தை அந்த வேகத்துக்கு ஏற்றிவிடும் வரையில் ஓட்டுகிறவர் காத்திருக்கத்தான் வேண்டும். 'டர்போ லேக்' என்பது இதுவே. இதனோடு இன்னொன்றைக் குழப்பிக்கொள்ளலாகாது. எஞ்சின் 1,000 அல்லது 1,200 சுற்றுக்களில் முனகிக்கொண்டிருக்கும்போது, எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் டர்போவுக்குப் போதிய புகை கிடைப்பதில்லை. அது தாமதமன்று, இல்லாமை. கியரைக் குறைப்பதுதான் அதற்குப் பரிகாரம்.

மின்னணுச் சாதனம் இந்த விவகாரத்தில் தலையிட்டதன் பலனைத் தெளிவாகக் காண வேண்டுமானால் ஸ்வீடன் தேசத்து ஸாப் கம்பெனியின் சரித்திரத்தைப் பார்க்கவேண்டும். 1977-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அவர்கள் வெளியிட்ட 99 டர்போ, 2 லிட்டர் எஞ்சினிலிருந்து 145 குதிரைசக்தி தந்தது. ஆனால் அதிலுங்கூட, அக்காலத்து டர்போ எஞ்சின்களின் பொதுவான குறையொன்று இருந்தது. அமுக்கிய காற்று சூடேறும். சூடேறிய கலவை ஒழுங்காக எரியாமல் ஒரு பகுதி தானே வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்வது அதைத்தான். அதற்கு அஞ்சி, சிலிண்டருக்குள் கலவை அமுங்கும் விகிதத்தை 7.2 என்ற தாழ்ந்த அளவில் வைத்திருந்தார்கள். அதனால் டர்போ விழித்துக்கொள்வதற்கு முன்னால் எஞ்சின் சாதாரண எஞ்சினைவிடச் சோம்பலாக இருந்தது. பெர் கில்பிராண்ட் என்ற அக்கம்பெனிப் பொறியாளர் முன்னின்று உருவாக்கிய 'ஏ.பி.சி.' என்னும் ஏற்பாடு, 1980-களின் தொடக்கத்தில் 900 டர்போ கார்களில் வந்தது. எஞ்சின் உடலில் பதித்த ஓர் உணர்கருவி நாக்கிங்கின் அதிர்வை ஒற்றுக் கேட்கும். கேட்ட மாத்திரத்தில் ஒரு மின் வால்வு டர்போவின் அழுத்தத்தைத் தணித்துவிடும். இப்படி ஒரு காவல் ஏற்பட்டுவிட்டதால் அமுங்கு விகிதத்தை 8.5-க்கு உயர்த்தும் தைரியம் வந்தது. டர்போ உறங்கும் நிலையிலும் எஞ்சின் காலுக்குச் சற்று உடனே இணங்கலாயிற்று. சக்தியைக் கூட்டியதன் வாயிலாக அல்லாமல், அச்சத்தைக் குறைத்ததன் வாயிலாகவே காலுக்கு எஞ்சின் தரும் மறுமொழி சீர்பட்டது என்பதை நான் இங்கே விசேஷமாகக் குறிப்பிட விரும்புகிறேன்.

அந்நாட்களில் ஆக்ஸிலரேட்டருக்கும் எஞ்சினின் காற்றுவழியில் உள்ள த்ராட்டில் தட்டுக்கும் இடையே ஓர் இரும்புக் கேபிள் இருந்தது. கால் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு தட்டு திறந்தது. 1990-களின் கடைசியில், ஜெர்மானிய பாஷ் கம்பெனியின் 'எம்.இ.7' போன்ற அமைப்புக்கள் வந்த பிறகு அந்தக் கேபிள் மறைந்தது. இப்போது நம் கால் செய்வதெல்லாம் மனுப் போடுவதுதான். மிதியில் உள்ள உணர்கருவிகள் அந்த மனுவைக் கணிப்பொறியிடம் சேர்க்கின்றன. அது, இந்த அழுத்தத்துக்கு இவ்வளவு முறுக்குவிசை என்று ஓர் அட்டவணையைப் பார்த்து நிர்ணயித்து, கியர்பெட்டி தாங்குமா, உஷ்ணம் மிஞ்சியிருக்கிறதா, நாக்கிங் உண்டா என்றெல்லாம் பரிசீலித்து, உசிதமென்று தோன்றியதை மட்டும் அனுமதித்துத் தட்டையும் டர்போவையும் இயக்குகிறது. கேட்டதில் பாதி கிடைப்பதும், பையக் கிடைப்பதும் இந்தக் காரியாலயத்தில் சகஜம்.

ட்யூனிங் செய்கிறவர் முதலில் கைவைக்க எளிதான இடம் அந்த அட்டவணையே. கால் பாகம் மிதித்தால் கால் பாகம் விசை என்றிருந்ததை, கால் பாகம் மிதித்தால் அரைப் பாகம் என்று மாற்றி எழுதிவிட்டால், வண்டி துடிப்புக் கொண்டுவிட்டதாகவே தோன்றும். கடைகளில் தனியாக விற்கும் 'பெடல் பாக்ஸ்' என்னும் சிறு பெட்டியும் இதைத்தான் செய்கிறது. புதிய கார்களில் 'ஸ்போர்ட்' என்றிருக்கும் பொத்தானும் பெரும்பாலும் இந்த வேலையில்தான் தொடங்குகிறது. இதனால் எஞ்சினுக்கு ஒரு குன்றிமணி அளவுகூடப் புதுச் சக்தி உண்டாவதில்லை; மிதியின் முற்பகுதியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டபடியால் பிற்பகுதியில் ஒன்றும் மிஞ்சாமற் போகிறது. நெரிசலில் ஊர்ந்து செல்கையில் இது ஒரு தொல்லையாகக்கூட முடியும்.

உண்மையான சீர்திருத்தங்கள் வேறிடத்தில் இருக்கின்றன. புகையில் ஒரு பங்கை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் 'வேஸ்ட்கேட்' என்னும் கதவை, குறித்த அழுத்தம் வருவதற்கு முன்பே கசியவிடாமல் கடைசிவரை இறுக மூடி வைத்தால் சக்கரம் விரைவில் வேகங்கொள்ளும். மின்மோட்டாரால் இயங்கும் கதவுள்ள கார்களில், நிதானமாகப் போகும்போது பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக அதைத் திறந்தே வைப்பதும் உண்டு. அதை மூடி வைக்கும்படி எழுதிவிட்டால் டர்போ எப்போதும் ஓரளவு ஆயத்தமாக இருக்கும், பெட்ரோல் செலவும் கூடும். புகை வால்வும் காற்று வால்வும் சேர்ந்தாற்போல் திறந்திருக்கும் நேரத்தைச் சற்று நீட்டினால், தாழ்ந்த சுற்றுக்களில் காற்று ஊடுருவிச் சென்று சக்கரத்தை உந்தும்; சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பாய்ச்சும் எஞ்சின்களில் இதைப் பெட்ரோல் வீணாகாமலே செய்யலாம். ஸ்பார்க் பிளக்கின் பொறி விஷயந்தான் மிகவும் சுவையானது. பொறியை முந்தி விழச்செய்தால் விசை அப்போதே கிடைக்கும், ஆனால் புகையின் உஷ்ணம் குறைந்து டர்போவுக்குப் பங்கு குறையும்; பிந்தி விழச்செய்தால் இப்போதைய விசை கெடும், டர்போ விரைவாக எழும். இன்றைக்குக் கொடுப்பதா நாளைக்குக் கொடுப்பதா என்று ஒவ்வொரு சுற்றிலும் தீர்மானிப்பதில்தான் ட்யூனிங் செய்கிறவரின் சாமர்த்தியம் தெரியும்.

இந்தப் பிந்துதலை எல்லையற்று நடத்துகிறவர்கள் ராலிப் பந்தயக்காரர்கள். கால் எடுத்த பின்னும் காற்றையும் பெட்ரோலையும் விட்டு, புகைக்குழாயிலேயே எரியவைத்து, சக்கரத்தைச் சுழல வைத்திருப்பார்கள். பட்பட்டென்று வெடிக்கும் அந்தச் சத்தத்தில் மயங்கி, தெருவில் ஓடும் காருக்கும் வெறும் வெடிச்சத்தத்தை எழுதி வாங்கிக்கொள்ளும் வாலிபர்களைக் காணும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. மறுமொழி அதனால் சீர்படுவதில்லை. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட் மட்டும் வெந்து போகிறது.

செய்துகொண்ட ட்யூனிங் எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிவதற்கு, வாசகர்கள் யாரும் செய்யக்கூடிய பரீட்சை ஒன்று இருக்கிறது. வெறிச்சோடிய சாலையில், மூன்றாவது கியரில், 2,000 சுற்றுக்களில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்து, சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திற்குள்ளேயே, மிதியைத் தரைவரை ஒரேயடியாக அழுத்திப் பாருங்கள். முழுக்க மிதித்த பிறகு, எந்த அட்டவணைக்கும் முழுக்கத்தான் அர்த்தம். வண்டி பாய்வதற்கு ட்யூனிங்குக்கு முன்பு எவ்வளவு நேரம் ஆயிற்றோ அவ்வளவே இப்போதும் ஆகிறதென்றால், மாறியது மிதி மட்டுமே. நேரம் குறைந்திருந்தால் எஞ்சினில் ஏதோ நடந்திருக்கிறது. கிளட்சும் கியர்பெட்டியும் அதைத் தாங்குகின்றனவா என்பதை அப்போதுதான் விசாரிக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் விசையைப் பைய ஏற்றியதற்கு அநேக சமயங்களில் காரணம் இருந்தது: பற்சக்கரங்களின் இடைவெளியில் அடி விழாமலிருக்கவும், எஞ்சின் தன் தாங்கிகளில் குலுங்காமலிருக்கவும் அப்படி எழுதினார்கள். அவ்வரியை நீக்கினால் வண்டி உடனே இணங்கும், கூடவே ஒரு வெட்டு வெட்டும்.

டர்போச் சக்கரத்தின் எடையை எந்த எழுத்தாலும் குறைக்க முடியாதாகையால், கார்க் கம்பெனிகள் மின்சாரத்தின் உதவியை நாடிவிட்டன. 2016-இல் வந்த ஆடி எஸ்.க்யூ.7 டீசல் காரில், புகைக்காகக் காத்திராமல் 48 வோல்ட் மின்சாரத்தால் சுழலும் ஒரு தனி அமுக்கி வைத்தார்கள். கால் விநாடியில் அது 70,000 சுற்றுக்களை எட்டிவிடும். 2022-இல் மெர்ஸிடிஸ் ஏ.எம்.ஜி. எஸ்.எல். 43 காரில் டர்போவின் தண்டிலேயே ஒரு மெல்லிய மோட்டாரைப் பதித்தார்கள். புகை வந்து சேருவதற்கு முன்னாலேயே அது சக்கரத்தைச் சுழற்றத் தொடங்கிவிடுகிறது.