தண்ணீர் கொடுத்த ஊருக்குத் தண்ணீர் இல்லை!

ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் 'கிராவிட்டி ஃப்ளோ' படித்திருப்போம். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாகவே ஓடும், பம்பு வேண்டாம். இதற்கு அருமையான உதாரணம் கனடாவின் வினிபெக் நகரம். சுமார் 155 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஷோல் ஏரியிலிருந்து, மூடிய கான்கிரீட் கால்வாய் வழியாக 1919 முதல் அங்கே குடிநீர் வருகிறது. 'ஆஹா, இதல்லவா இன்ஜினியரிங்!' என்று கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள் நண்பர்களே! ஏரிக்கரையில் ஓர் ஊர் இருக்கிறது. அதையும் பார்த்துவிடுவோம்.

ஊரின் பெயர் ஷோல் லேக் 40. ஒஜிப்வா பழங்குடியினர் சில நூறு பேர் வாழும் சிற்றூர். 1873-ல் பிரிட்டிஷ் ராணியின் பெயரால் ஏற்பட்ட மூன்றாம் ஒப்பந்தத்தின்படி அவர்களுக்கென ஒதுக்கிய 'ரிசர்வ்' நிலம் இது. ஆனால் பட்டா அவர்கள் பெயரில் இல்லை! 1876-ல் வந்த 'இந்தியன் ஆக்ட்' (பழங்குடியினரைத்தான் அங்கே சட்டம் 'இந்தியர்' என்கிறது) நிலத்தின் உரிமையை அரசிடம் வைத்து, அனுபவிக்கும் உரிமையை மட்டும் மக்களுக்குத் தந்தது. ஊரை நடத்தத் தலைவரும் கவுன்சிலும் உண்டு. ஆனால் ரோடு, தண்ணீர் என்று பெரிய செலவு வந்தால் தலைநகர் ஒட்டாவாவின் கையைத்தான் பார்க்கணும்.

விளைவு? கால்வாய்த் திட்டத்துக்கு ரிசர்விலிருந்து சுமார் 3,000 ஏக்கர் போய்விட்டது. ஃபால்கன் ஆற்றின் பழுப்புத் தண்ணீர் நகரத்துக் குடிநீரில் கலக்கக் கூடாதென்று கரை எழுப்பி, வாய்க்கால் வெட்டித் திருப்பினார்கள். அந்த வெட்டில் ஊரே தீவாகிப் போச்சு! கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஏரி மேல் பயணம். பனி உருகும் நாட்களில் உயிர் நம் கையில் இல்லை. ரோடு இல்லாததால் சுத்திகரிப்பு நிலையம் கட்டும் செலவும் எகிறியது. 1997 முதல் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்காதே என்ற எச்சரிக்கை!

மக்கள் சும்மா இருக்கவில்லை. 2014-ல் வினிபெக்கில் மனித உரிமை அருங்காட்சியகம் திறந்தபோது, 'எங்கள் ஊரே மனித உரிமை மீறல் அருங்காட்சியகம்தான், வந்து பாருங்கள்' என்று அழைத்தார்கள். கடைசியில் 2019-ல் 24 கிலோமீட்டர் 'சுதந்திரச் சாலை' வந்தது. 2021 செப்டம்பரில் சுத்திகரிப்பு நிலையம் திறந்தது. நகரம் குடிக்கத் தொடங்கி நூறு வருஷம் கழித்து!

கால்வாயின் லெவலில் பிழையில்லை. நூறு வருஷமாகத் தண்ணீர் ஓடுகிறதே! பிழை, பிளானில் அந்த ஊரைக் கணக்கில் எடுக்காததுதான். நாளை நாம் லெவல் எடுக்கப் போகும் கரையிலும் ஓர் ஊர் இருக்கும் நண்பர்களே. முதலில் அவர்களிடம் பேசுவோம். பிறகு ஸ்டாஃபை நட்டுவோம்!