பழைய போர்டு, புது டிஸ்க்

வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டால் லேசில் வெளியே போகாது. அண்ணன் காலேஜுக்கென்று வாங்கியது தங்கைக்கு வரும். அவள் வேலைக்குப் போனதும் சித்தப்பா கடையில் பில் போட உட்காரும். கடைசியில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆதார் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் நான் மூடி கழற்றிப் பார்த்த பெட்டிகளில் அநேகமாக இருப்பது எச்61 அல்லது எச்81 சிப்செட் போர்டு. முன்னது 2011-இல் வந்தது, பின்னது 2013-இல். போர்டில் ஒரு குறையும் இல்லை. ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வர வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

தாமதத்துக்குப் பழி பிராசஸர் மேல் விழுகிறது. உண்மையில் மெத்தனம் சுற்றுகிற ஹார்டு டிஸ்க்குடையது. அதன் முள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர ஏறக்குறைய 10 மில்லி செகண்ட் ஆகும். செகண்டுக்கு நூறு இடம் தாவினாலே அதிகம். விண்டோஸோ கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கிறது. அதற்குப் பதிலாக வந்த எஸ்எஸ்டி டிஸ்கில் முள்ளும் இல்லை, தட்டும் இல்லை. அதனால்தான் டிஸ்கை மட்டும் மாற்றியதும் பத்து வருஷப் பெட்டி புதுப் பெட்டி மாதிரி எழுந்துகொள்கிறது.

இங்கேதான் சிக்கல் வருகிறது. இன்று கைக்குச் சுலபமாகக் கிடைப்பது, விரல் நீளத்தில் சூயிங்கம் பட்டை போல இருக்கிற என்விஎம்இ எஸ்எஸ்டி. லேப்டாப்பில் 256 ஜிபியைக் கழற்றிவிட்டு 1 டிபி போட்டவர்கள் வீட்டில் பழையது சும்மா கிடக்கிறது. பழைய போர்டில் அதைச் சொருக எம்.2 ஸ்லாட் கிடையாது. சில நூறு ரூபாய்க்கு அடாப்டர் கார்டு விற்கிறது. எஸ்எஸ்டியைச் சாய்வாக நுழைத்து, மெல்ல அழுத்திப் படுக்க வைத்து, கடுகளவு ஸ்க்ரூவை முடுக்கி, கிராபிக்ஸ் கார்டு போடும் நீள ஸ்லாட்டில் செருகிவிடலாம். வீட்டுப் பெட்டிகளில் அந்த ஸ்லாட் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். பழைய டிஸ்க் வழியாக விண்டோஸுக்குள் போனால் புது டிஸ்க் ஜம்மென்று தெரிகிறது. ஃபார்மட் செய்யலாம், படம் ஏற்றலாம். பூட் மெனுவில் மட்டும் அதன் பெயரே இல்லை. விண்டோஸை அதில் ஏற்றப் போனால், இந்தக் கம்ப்யூட்டர் இந்த டிஸ்கிலிருந்து பூட் ஆகாமல் போகலாம் என்று எச்சரிக்கை வந்து நிற்கிறது.

காரணம் எளிது. எச்61 போர்டு கடைக்கு வந்த அதே 2011-இல், மார்ச் மாதம்தான் என்விஎம்இ-யின் முதல் விதிமுறையே வெளியானது. ஸ்விட்சைப் போட்டதும் போர்டை எழுப்புகிற பயாஸ் புரோகிராமை எழுதியவர்களுக்கு இப்படி ஒரு டிஸ்க் வரப்போவது தெரிந்திருக்க நியாயமில்லை. லினக்ஸ் 2012-இலும் விண்டோஸ் 8.1 2013-இலும் இதற்கான டிரைவரோடு வந்தன. போர்டு கம்பெனிகள் 2014, 2015 வாக்கில் வந்த சிப்செட்டுகளிலிருந்து அதை பயாஸில் சேர்த்தன. அதற்கு முந்திய போர்டுகளை வாங்கியவர்களைப் பெரும்பாலும் கைகழுவிவிட்டன. புது போர்டு விற்கத்தானே கடை வைத்திருக்கிறார்கள்.

முப்பது வருஷத்துக்கு முன்பும் இதே கூத்துதான். அப்போது நம் பக்கத்தில் கம்ப்யூட்டர் என்றால் பாங்க், மில் ஆபீஸ், கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் கல்லூரி, சிவகாசி அச்சகம். அன்றைய பயாஸ் 528 எம்பிக்கு மேல் டிஸ்கைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் அவ்வளவுதான் வரும். அந்தத் தடையைத் தாண்டினால் 8.4 ஜிபியில் இன்னொன்று. அதையும் தாண்டினால் 32 ஜிபியில் சில அவார்டு பயாஸ்கள் டிஸ்கைக் கண்ட மாத்திரத்தில் உறைந்துபோய் நின்றுவிடும். அதற்காகவே டிஸ்கின் முதுகில் ஒரு ஜம்பர் வைத்திருந்தார்கள். அதை மாற்றிப் போட்டால் 40 ஜிபி டிஸ்க் தன்னை 32 என்று சொல்லிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கியதில் மிச்சம் அம்போ. பிறகு 137 ஜிபியில் ஒரு சுவர்.

அந்தக் காலத்திலும் குறுக்கு வழி இருந்தது. ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர் என்ற புரோகிராம் ஃபிளாப்பியில் வரும். டிஸ்கின் தலைப்பகுதியில் போய் உட்கார்ந்துகொண்டு, விண்டோஸ் எழுவதற்கு முன் தான் எழுந்து, பயாஸுக்குத் தெரியாத அளவைத் தான் கையாண்டுகொள்ளும். பென்டிரைவிலிருந்து பூட் ஆகத் தெரியாத பெட்டிகளுக்கு, பின்னாளில் பிளாப் என்ற ஒன்றை சிடியில் ஏற்றி அதன் வழியாக நுழைந்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரை நிலையிலிருந்து கிளப்பத்தான் சக்கரத்துக்கு நெம்பு வேண்டும். கிளம்பிவிட்டால் வடம் பிடித்தவர்கள் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பயாஸின் வேலையும் அந்த முதல் நெம்புதான். விண்டோஸோ லினக்ஸோ எழுந்த பிறகு தன் சொந்த டிரைவரைக் கொண்டு டிஸ்கைப் படித்துக்கொள்ளும். ஆகவே பழைய போர்டில் குறைவது, சில பத்து கேபி அளவில் ஒரே ஒரு டிரைவர். அதைப் பயாஸுக்குள்ளேயே வைக்கலாம், வெளியிலிருந்தும் கொடுக்கலாம்.

வெளியிலிருந்து கொடுப்பது இன்றைய ஆன்ட்ராக். குளோவர் என்ற இலவச பூட்லோடரை ஒரு பழைய பென்டிரைவில் ஏற்றி, அதன் டிரைவர் ஃபோல்டரில் என்விஎம்இ டிரைவரைப் போட்டுவிட்டால் போதும். பெட்டி பென்டிரைவைத் தொடும், குளோவர் எஸ்எஸ்டியைக் கண்டுபிடிக்கும், விண்டோஸ் எழும். பென்டிரைவ் பெட்டியின் பின்னால் நிரந்தரமாகச் செருகியிருக்க வேண்டும். யாராவது பாட்டு ஏற்ற அதை உருவிக்கொண்டு போனால் கம்ப்யூட்டர் அன்றைக்கு லீவு. லினக்ஸ்காரர்களுக்கு இதுகூட வேண்டாம். பூட் பார்ட்டிஷனை மட்டும் பழைய டிஸ்கில் வைத்துவிட்டு மற்றதெல்லாம் எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்ளலாம்.

பயாஸுக்குள் வைப்பது கொஞ்சம் நெஞ்சுரம் கேட்கும். போர்டின் பயாஸ் யுஇஎஃப்ஐ என்ற புது வகையாக இருக்க வேண்டும். பயாஸ் ஃபைலை எடுத்து, யுஇஎஃப்ஐடூல் போன்ற கருவியில் திறந்து, டிரைவரைச் சேர்த்து, திரும்ப எழுத வேண்டும். சில போர்டுகள் கம்பெனி கையெழுத்தில்லாத ஃபைலை ஏற்காது. அப்போது எட்டுக்கால் பயாஸ் சிப்பையே நேராகப் பிடிக்க வேண்டும். சிஎச்341ஏ என்ற சின்ன புரோகிராமரின் கிளிப்பை சிப்பின் மேல் கவ்வ வைப்பார்கள். சிப்பின் மூலையில் உள்ள புள்ளிக்கு நேரே கிளிப்பின் சிவப்பு ஒயர் வர வேண்டும், திருப்பி மாட்டினால் சிப் கருகிவிடலாம். கவர்மென்ட் பரீட்சை மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதி முடித்து ஆன் செய்தால், பூட் மெனுவில் அந்த எஸ்எஸ்டி தன் சொந்தப் பெயரில் வராது. பல போர்டுகளில் ‘பாட்டா’ என்று வரும். அகலமான சாம்பல் நிறப் பட்டை ஒயரில் தொங்கிய அந்தக் காலத்து டிஸ்கின் பெயர் அது. விண்டோஸை ஏற்றி முடித்ததும் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜர் வந்து சேரும். அதைத் தேர்ந்தெடுத்தால் சரி.

2012-இல் இதையெல்லாம் இந்தப் பக்கம் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். நாளுக்குப் பல மணி நேர மின்வெட்டு. பயாஸ் எழுதும்போது கரண்ட் போனால் போர்டு போச்சு என்றே அர்த்தம். இன்று அதே சிப்பை கிளிப் மாட்டி மறுபடி எழுதி உயிர்ப்பிக்கலாம். அந்த புரோகிராமரும் சில நூறு ரூபாய்தான். மாறியது மின்சாரம் மட்டுமல்ல. போர்டுக்குள் இருக்கிற புரோகிராம் கம்பெனியின் சொத்து, நாம் தொடக்கூடாது என்ற பயமும் போய்விட்டது. சர்வீஸ் கடைத் தம்பிகள் பலர் இதைப் பாடம் படித்துக் கற்கவில்லை. யூடியூப் பார்த்து, செத்த போர்டில் கைப்பழக்கம் செய்து கற்றார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டால், எல்லோருக்கும் வேண்டியதில்லை என்பதே என் பதில். புதிதாகக் காசு போட்டு வாங்குவதென்றால் சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய டிஸ்கின் ஒயரை அதில் மாட்டினால் வேலை முடிந்தது. எச்61-இல் உள்ள சாட்டா பழைய வகை, செகண்டுக்கு 300 எம்பிக்குள்தான் போகும். நீள ஸ்லாட்டில் போட்ட என்விஎம்இ அதைப்போலப் பல மடங்கு போகும். பில் போடுகிறவருக்கும் சான்றிதழ் அப்ளிகேஷன் ஏற்றுகிறவருக்கும் அந்த வித்தியாசம் கண்ணில் படாது. வீடியோ எடிட் செய்கிறவர்களுக்குப் படும். வீட்டில் ஒரு என்விஎம்இ சும்மா கிடந்தால் மட்டும் இந்த வழிக்கு வாருங்கள். வந்தாலும் பென்டிரைவ் வழியே நம்மில் பாதிப் பேருக்குப் போதும். அடாப்டர் வாங்கும்போது குட்டி ஸ்லாட்டுக்கான எக்ஸ்1 கார்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் வேகம் பெரும்பாலும் வீணாகிவிடும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெல் பிராசஸரில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பதை, சில விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. எச்61, எச்81 எல்லாம் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. எஸ்எஸ்டி போட்டதோடு லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றையும் ஏற்றினால் தமிழ் டைப்பிங், பிரவுசர், பிரிண்ட் எல்லாம் நடக்கும். பழைய தமிழ் டிடிபி மென்பொருளும் அதன் டாங்கிளும் வைத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் மட்டும் இந்த மாற்றத்துக்கு அவசரப்பட வேண்டாம்.

பயாஸில்தான் கை வைப்பேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எதையும் மாற்றும் முன் சிப்பில் உள்ளதை அப்படியே இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டு, பெட்டிக்கு வெளியே வேறொரு பென்டிரைவில் வையுங்கள். சில போர்டுகளில் லேன் முகவரிகூட அந்தச் சிப்பில்தான் இருக்கிறது. அந்தப் பிரதி கையில் இல்லாமல் சிப்பில் எதையும் எழுதாதீர்கள்.